கினு வந்தால் ‘இங்’

வேகவைத்த மல்லாட்டையின் ஆவி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் ஆங்கில இலக்கணம்தான் நினைவுக்கு வரும். வேர்க்கடலையை எங்கள் ஆரணிப் பக்கத்தில் ‘மல்லாட்டை’ என்போம். உப்புப் போட்டுத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உடைத்தால் உள்ளேயிருந்து வெந்நீர் தெறித்து விரலைச் சுடும். அம்மா ஓர் அலுமினியச் சட்டி நிறைய வேகவைத்துக் கொடுப்பாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் என் அக்கா வேதாவிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பேன். சரியாகச் சொன்னால் அவளுக்கு ஒன்று. தப்பாகச் சொன்னால் அந்த ஒன்றை நானே உடைத்துத் தின்றுவிடுவேன். அந்த வருடம் நான் நன்றாகச் சதை போட்டிருந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல், தமிழ் எல்லாவற்றிலும் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் தவறிவிட்டாள். அப்போது நான் ஒன்பதை முடித்துப் பத்துக்குப் போயிருந்தேன். அவள் அட்டை போட்டு வைத்திருந்த அதே ஆங்கிலப் புத்தகம் எனக்கு வந்து சேர்ந்தது. இருவரும் அந்த ஒரே புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டுதான் படித்தோம். ஊரில் டுடோரியல்கள் இருந்தன. பெயிலானவர்கள் அங்கே போய் உட்கார்ந்து அக்டோபர் தேர்வை, எங்கள் வழக்கில் ‘அட்டம்ட்’ என்பதை, எழுதுவார்கள். பட்டுக் கடை ஒன்றில் சேலை மடிக்கும் வேலை பார்த்த அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. “டுடோரியல் இன்னாத்துக்கு? வூட்டுலயே ஒருத்தி கீறாளே” என்று என்னைக் காட்டினார். அப்புறம் அக்காவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், சேலை மடிக்கிற நிதானத்தோடு சொன்னார்: “அட்டம்ட்ல பாஸ் பண்ணிட்டன்னா பதினொண்ணாவது சேத்து வுடறேன். இல்லனா எதிர்த் தெரு தறி வூட்டுல தார் சுத்த ஆளு கேட்டுகினு கீறாங்க. அங்க போய்க்கோ.”

தார் என்பது தறியில் இங்குமங்கும் ஓடுகிற நெசவு நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய சிறு குச்சி. நாள் முழுக்க ராட்டினம் சுழற்றி அதைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அக்காவுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. யாருக்காவது காய்ச்சல் என்றால் தெருவில் முதலில் போய் நெற்றியில் கை வைப்பவள் அவள்தான். நர்ஸ் ஆக வேண்டுமென்றால் பன்னிரண்டாவது முடிக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் போகும் வழியில் இந்த ஆங்கிலம் குறுக்கே படுத்திருந்தது. அதை எழுப்பி அனுப்பும் பொறுப்பு, பதினான்கு வயதுக் கர்வத்தோடு இருந்த என்னிடம் வந்தது.

என் கர்வத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆங்கிலம் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. எழுத்துகளைப் பார்த்தால் போதும், மனதில் ஒட்டிக்கொள்ளும். விதியை ஒரு முறை படித்தால் அதை நூறு வாக்கியங்களில் பொருத்திப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி. ஆனால் நான் ஆங்கிலம் கற்றது முழுக்க முழுக்கக் கண்ணால். ‘கைடு’ என்று கடையில் விற்கும் உரைநூலில் தமிழ் எழுத்தில் போட்டிருக்கும் உச்சரிப்பே எனக்கு வேதம். புதன்கிழமையை ‘வெட்னெஸ்டே’ என்று ஓர் எழுத்து விடாமல் சொல்வேன். அக்கா ஒரு நாள் தயங்கித் தயங்கி, “டிவில நியூஸ் படிக்கிறவங்க ‘வென்ஸ்டே’ன்னு தானடி சொல்றாங்க?” என்று கேட்டாள். “ஸ்பெல்லிங்ல டி கீது, கண்ணு தெரியல?” என்று அதட்டி, ஒரு மல்லாட்டையையும் தண்டனையாகத் தின்றேன். அவள் சொன்னதே சரி என்று எனக்குத் தெரிய வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

அக்காவுக்கு இருந்ததெல்லாம் காது. டிவி செய்தியில் வரும் ஆங்கிலத்தை ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விடும் இடம் உட்பட அப்படியே திருப்பிச் சொல்வாள். தெருவே சிரிக்கும். எங்கள் பக்கத்து வீட்டில் உருது பேசும் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண் ஷமீமா அக்காவின் உயிர்த் தோழி. ஷமீமாவோடு பாண்டி ஆடியும் பல்லாங்குழி ஆடியும் வளர்ந்த அக்கா, எட்டு ஒன்பது வயதுக்குள் உருது பேச ஆரம்பித்துவிட்டாள். யாரும் கற்றுத் தரவில்லை, அவளும் கற்றதாக நினைக்கவில்லை. ஷமீமாவின் உறவுக்காரர்கள் வேலூரிலிருந்து வந்தால், அக்கா பேசுவதைக் கேட்டு அவளைத் தங்கள் வீட்டுப் பிள்ளை என்றே எண்ணிக்கொள்வார்கள். நெற்றியில் பொட்டைப் பார்த்த பிறகுதான் விழிப்பார்கள்.

எனக்குப் பொறாமை வந்து நானும் உருது கற்கப் போனேன். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘கைக்கு’ என்றால் எதற்கு என்று வரிசையாக எழுதிக்கொண்டு, இதற்குப் பன்மை என்ன, இறந்தகாலம் என்ன என்று ஷமீமாவைக் குடைந்தேன். அவள் பாவம், “எனக்குத் தெரியாதுடி, நாங்க அப்டித்தான் பேசுவோம்” என்று கையை விரித்தாள். அவர்கள் பேசும்போது நான் நோட்டைப் புரட்டி ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் பேச்சு வேறு தெருவுக்குப் போய்விட்டிருக்கும். ஷமீமாவின் அம்மா என்னைக் கேலி செய்வார்: “உன் தங்கச்சிக்குத் தாகம் எடுத்தா, நோட்டுல பாத்துதான் தண்ணி கேக்கும் வேதா.” பத்து நாளில் நோட்டை மூடிவிட்டேன். எனக்கு வராத ஒன்று அவளுக்கு வருகிறது என்று அப்போது தோன்றவே இல்லை. அது ஒரு மொழி என்றே எங்கள் வீட்டில் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் இல்லாதது எப்படி மொழியாகும்?

“ஒரே வயித்துல பொறந்து ஒரே சோத்த தின்னு, ஒண்ணுக்கு வருது, ஒண்ணுக்கு வரல” என்று அம்மா அங்கலாய்ப்பாள். அக்கா அதைக் கேட்டுத் தலை குனிவாள். நான் கேட்டு நிமிர்வேன்.

எங்கள் பாடம் நிகழ்காலத் தொடர்வினையில் வந்து நின்றது. உரைநூலில் ‘வந்துகொண்டிருக்கிறேன், போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று போட்டு, எதிரே ஆங்கிலத்தைப் போட்டிருந்தார்கள். மூன்று நாள் மாற்றி மாற்றிச் சொல்லியும் அக்காவுக்கு எந்த இடத்தில் ‘இங்’ போட வேண்டும் என்று பிடிபடவில்லை. நான் கத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “‘கொண்டிருக்கிறேன்’னு யாருடி பேசறாங்க? அத மொதல்ல நான் தமிழ்ல புரிஞ்சிகினு, அப்புறம் இல்ல இங்கிலீஷுக்குப் போவணும்?” என்றாள். அப்போதுதான் எனக்கு மின்னியது. நாங்கள் பேசுவது ‘வந்துகினு கீறேன்’, ‘போய்கினு கீறேன்’. புத்தகத்தின் ‘கொண்டு’தான் எங்கள் வாயில் ‘கினு’. “அக்கா, அவ்ளோதான். நாம பேசறதுல எங்க ‘கினு’ வருதோ அங்க ‘இங்’ போட்டுடு” என்றேன்.

அவள் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். வந்துகினு, கமிங். தின்னுகினு, ஈட்டிங். பேசிகினு, டாக்கிங். பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னாள். சட்டியில் பாதி அவள் பக்கம் போயிற்று. அன்று முழுக்க வீட்டில் யார் எது பேசினாலும் அவள் காது ‘கினு’வைப் பிடித்துக்கொண்டே இருந்தது. “குமுட்டி அடுப்பு எரிஞ்சிகினு கீது பாரு” என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், “பர்னிங்” என்று அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது. ஆங்கிலம் முதல்முறையாக அவள் காதுக்குள் நுழையக் கதவு கிடைத்திருந்தது. கதவைக் கண்டுபிடித்தவள் நான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என் வகுப்பில் ஆங்கில ஆசிரியை என் கட்டுரை நோட்டைத் திருத்தினார். ‘தெரிஞ்சிகினேன்’ என்பதை என் சொந்த விதிப்படி ‘நோயிங்’ என்று போட்டிருந்தேன். சிவப்பு மையில் சுழித்து, “எல்லாத்துக்கும் இங் ஒட்டக் கூடாதும்மா, இது எங்க இருந்து பிடிச்ச?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். ‘எடுத்துகினு போனேன்’, ‘பாவாடை கட்டிகினேன்’, ‘புரிஞ்சிகினேன்’ என்று நாங்கள் ‘கினு’வை எத்தனை இடத்தில் போடுகிறோம், அதில் பாதிக்கு ‘இங்’ ஆகவே ஆகாது. என் விதி பாதி வழியில் கவிழ்த்துவிடும் விதி என்று தெருமுனைக்கு வருவதற்குள் எனக்குத் தெளிவாகிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தால், அக்காவும் ஷமீமாவும் புத்தகத்தை விரித்துவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘கினு’ விதியை அக்கா உருதுவில் ஷமீமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும், “இவதான் கண்டுபுடிச்சா” என்று ஷமீமாவிடம் தமிழில் சொன்னாள். நான் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன். அவள் கையிலிருக்கும் ஒரே ஊன்றுகோலையும் பிடுங்கக் கூடாது என்ற இரக்கம்தான் காரணம் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், நான் சொன்னது தப்பு என்று அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை. ஒரு வாரம் இருந்தது. ஒரு வாரமும் சொல்லவில்லை.

தேர்வு முடிந்து அக்கா ஓடி வந்தாள். இரண்டாம் தாளில் கடிதம் கேட்டிருந்தார்களாம்: அண்மையில் நீ கலந்துகொண்ட ஒரு திருமணத்தைப் பற்றித் தோழிக்கு எழுதுக. ஆவணியில்தான் போளூரில் எங்கள் மாமாவுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. தனக்கென்றே கேட்டது போல் இருந்தது என்று பூரித்து, எழுதியதை அப்படியே ஒப்பித்தாள். மாமா போளூரில் அத்தையைக் கட்டிகினாரு என்பதுதான் முதல் வாக்கியம். கட்டுவதற்கு ‘டை’ என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ‘கினு’ வந்ததால் ‘இங்’ போட்டாள். “மை அங்கிள் வாஸ் டையிங் மை ஆன்ட் இன் போளூர்.”

“டையிங் எப்டி எழுதின?” என்று கேட்டேன்.

“நம்ம ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சாயப்பட்டறை போர்டுல இங்கிலீஷ்ல கீதே, அதேதான். டி ஒய் ஈ ஐ என் ஜி” என்று கடகடவென்று சொன்னாள். கடினமான சொல் ஒன்றை அவள் எழுத்துப் பிசகாமல் சொன்னது அதுவே முதல்முறை.

தமிழில் டீக்கும் ட, டப்பாவுக்கும் ட. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. உரைநூலில் தமிழில் அச்சிட்டிருந்த ‘டை’யை நான் டீயின் ‘ட’வுக்குப் பதில் டப்பாவின் ‘ட’ போட்டு உச்சரித்திருந்தேன். என் வாய் அவ்வளவுதான். அக்காவின் காதோ கேட்டதைக் கேட்டபடி பிடிக்கும் காது. நான் சொன்ன பிழையை அவள் ஒரு மயிரிழை பிசகாமல் வாங்கி, அதே ஒலியில் பட்டுக்குச் சாயம் போடுகிற சொல்லைப் பலகையில் கண்டு, சந்தோஷமாக எழுதிவிட்டு வந்திருந்தாள். எங்கள் மாமா போளூரில் வைத்து எங்கள் அத்தைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார் என்று, எங்கேயோ ஒரு விடைத்தாள் திருத்துபவர் படித்திருப்பார். ஆரணிக்காரி ஒருத்தியைத் தவிர வேறு யாரும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நன்றாக எழுதியிருப்பதால் சிரிக்கிறேன் என்று நினைத்து அவளும் சிரித்தாள். “நல்லா எழுதிகீற” என்றேன்.

நான்கு மதிப்பெண்ணில் போயிற்று. அந்த ஒரு வாக்கியத்தால்தான் போயிற்று என்று சொல்ல முடியாது. கடிதம் முழுக்க ‘கினு’க்கள் இருந்தன, மற்ற கேள்விகளிலும் என்னென்ன இருந்தனவோ. ஆனால் நான்கு என்பது சின்ன எண். அப்பாவே இளகி, “மார்ச்ல இன்னொரு வாட்டி எழுதறியாம்மா?” என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றாள். “எவ்ளோ நல்லா எழுதினேன்னு நெனச்சேன்பா. அதுவே ஃபெயிலுன்னா எனக்கு வராது. மண்டையில இல்ல” என்றாள். அடுத்த திங்கட்கிழமை தார் சுற்றப் போனாள்.

நான் அதே ஆங்கிலத்தால் படித்து, அதே ஆங்கிலத்தால் வேலையும் வாங்கி, போளூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் கண்ணால் படிக்கிறவர்கள் சிலர், காதால் படிக்கிறவர்கள் சிலர், கையால் ஜாடை காட்டிக்கொண்டே படிக்கிறவர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். வாய் திறந்து ஏற்ற இறக்கத்தோடு படித்துவிட்டு, எழுதச் சொன்னால் நடுங்குகிற பிள்ளையைப் பார்த்தால் அவள் நோட்டை உடனே திருத்த எனக்குக் கை வராது. முதலில் பேசச் சொல்வேன். ஆனால் கடைசியில் மதிப்பெண் எழுதின தாளுக்குத்தானே? எனவே நானும் பேனாவைத்தான் எடுக்கிறேன்.

ஷமீமாவின் குடும்பம் ஆம்பூருக்குப் போய்ப் பல காலமாகிறது. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. எங்கள் தெருப் பிள்ளைகள் ‘வந்துட்டு இருக்கேன்’ என்று சீரியல் தமிழ் பேசுகிறார்கள். என் வகுப்பில் எவளாவது வாய் தவறி ‘வந்துகினு’ என்றால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கே அந்தச் சொல் அக்காவோடு பேசும்போதுதான் வாயில் வருகிறது.

அக்கா தார் சுற்றிய இடத்திலிருந்து படிப்படியாக மேலே வந்து, இன்று பெரிய பட்டுக் கடை ஒன்றில் வெளியூர் வியாபாரிகளோடு பேசும் வேலையில் இருக்கிறாள். பெங்களூர்க்காரர்களோடு கன்னடம், ஆந்திரக்காரர்களோடு தெலுங்கு, வடக்கத்தியர்களோடு உருதுவிலிருந்து நீட்டிக்கொண்ட இந்தி. எல்லாம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டே வந்தவை. ஆங்கிலத்தில் யாராவது பேசினால் மட்டும் சட்டென்று தொலைபேசியைப் பக்கத்து மேசைப் பையனிடம் கொடுத்துவிடுவாளாம்.

போன மாதம் கடையில் கொடுத்த ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தாள். பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதிவிட்டு, ‘தெரிந்த மொழிகள்’ என்ற கட்டத்துக்கு வந்தேன்.

“தமிழ்னு போடு” என்றாள்.

“மத்ததெல்லாம்?”

“அதெல்லாம் சும்மா பேச்சுதானடி. படிச்சதா இன்னா? எனக்குத்தான் மொழியெல்லாம் மண்டையில ஏறாதே, உனக்குத் தெரியாதா?”

முப்பது வருடத்துக்கும் மேலாக அவள் இதையே நம்பிக்கொண்டிருக்கிறாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ‘கினு’ விதி தப்பு என்று, அது தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும் என்று, சாயப்பட்டறைச் சொல் அவள் பிழையல்ல, என் வாயின் பிழை என்று. நடுவில் நிறுத்தினால் மறுபடி சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்து, “அப்ப அத எப்டி எழுதணும்?” என்று கேட்டாள்.

“எத?”

“மாமா கட்டிகினது.”

“மை அங்கிள் காட் மேரீட்” என்றேன்.

அவள் அதை ஒரு முறை திருப்பிச் சொன்னாள். இத்தனை வருடம் பாடம் நடத்திய என் வாயில் வருவதைவிட அவள் வாயில் அது அழகாக வந்தது.

“இவ்ளோதானா?” என்றாள்.

“இவ்ளோதாங்கா” என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் பேசியிருந்தால் அழுதுவிட்டிருப்பேன்.